வியாழக்கிழமையிலை தானாச் சூடாகிற வீடு

1

“சின்னோரா, உங்கட வீட்டிலை மூச்சு விடுறது ஒரு ஆள் மட்டும் இல்லை.”

இப்பிடி ஒரு குற்றச்சாட்டை நீங்கள் ஊரிலை கேட்டிருக்க மாட்டியள். நானும் அறுபத்தெட்டு வயது மட்டும் கேட்டதில்லை. இஞ்சை இத்தாலியிலை, பலெர்மோவிலை, போன தை மாதம், என்ர வாசலிலை நிண்டு டொத்தொரெஸ்ஸா கியாரா சொன்னா. சின்னோரா எண்டால் அம்மா எண்ட மாதிரி ஒரு மரியாதைப் பேச்சு. டொத்தொரெஸ்ஸா எண்டால் ஊசி போடுற டாக்குத்தர் எண்டு நினைச்சுப்போடாதையுங்கோ. பல்கலைக்கழகம் போன பொம்பிளையளை எல்லாம் இஞ்சை அப்பிடித்தான் கூப்பிடுறது. இவ எங்கட கட்டடத்தைப் பாக்கிற அதிகாரி.

இந்த வீட்டுக்கு நான் வந்து இந்தக் கிழமையோடை ஒரு வருசம். குளிர் திரும்பவும் துவங்குது. நடந்ததை ஒருக்கால் எழுதினால் ஊரிலை இருக்கிற நீங்களும் வாசிச்சுச் சிரிப்பியள் எண்டுதான் இருந்து எழுதுறன்.

வயது போன, வசதி குறைஞ்ச ஆக்களுக்கெண்டு பட்டினத்துக்கு வெளிப்புறமா, பிரான்காச்சோப் பக்கம் கட்டின கட்டடம் இது. வாசலிலை ஒரு பச்சைத் தகடு. கரண்டையும் சூட்டையும் வீணாக்காத கட்டடம் எண்டு சான்றிதழ் குடுத்திருக்கினம். கூரையிலை வெயிலைப் பிடிக்கிற தகடுகள், தடிச்ச சுவர், இரட்டைக் கண்ணாடி யன்னல், தரைக்குக் கீழாலை சுடுதண்ணிக் குழாய். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலையும் ஒரு சின்னப் பெட்டி. வீட்டுக்குள்ளை எவ்வளவு சூடு, காத்து எவ்வளவு சுத்தம் எண்டு அது பாத்துக்கொண்டே இருக்கும். ஆக்கள் கூடி மூச்சு விட்டால் பச்சை லைற் மஞ்சளாகி, பிறகு சிவக்கும். அந்தக் கணக்கெல்லாம் ஒப்பீசுக்குப் போகுது எண்டு எனக்கு ஆர் சொன்னது? தெரிஞ்சிருந்தால் அதுக்கு மேலை ஒரு பிள்ளையார் படத்தைக் கொழுவியிருப்பன்.

“ஒவ்வொரு வியாழனும் பின்னேரம் உங்கட பெட்டி சிவக்குது,” எண்டா டொத்தொரெஸ்ஸா. “அதைவிடப் புதினம், அண்டைக்கு உங்கட வீட்டுத் தரைச்சூடு வேலையே செய்யிறதில்லை. வெளியிலை குளிர், உங்கட வீடு தானாச் சூடாகுது. காஸ் அடுப்பு ஏதும் கொண்டு வந்து கொளுத்துறியளோ?”

“சத்தியமா இல்லை, டொத்தொரெஸ்ஸா.”

“அப்ப ஆக்களை வைச்சிருக்கிறியளோ?”

இந்த வீடு ஒரு ஆளுக்கு. வேறை ஆக்களைக் குடியிருத்தினால் பறிச்சுப்போடுவினம். திறப்புத் தரேக்கையே அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னவை. வாயிலை வந்ததைச் சொன்னன்.

“வியாழக்கிழமை நான் சாமி கும்பிடுறனான். விளக்கு, சாம்பிராணி எல்லாம் அண்டைக்குக் கொஞ்சம் கூட.”

அவ என்னை ஏற இறங்கப் பாத்தா. “சின்னோரா, எந்தச் சாமி இவ்வளவு மூச்சு விடும்?”

எதிர் வீட்டு நீனோ கதவிடுக்காலை எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிக்கிறார். மனிசி செத்து, தனிய இருக்கிற கிழவன். புதினம் பாக்கிறதுதான் அவரின்ர உத்தியோகம். “வாற கிழமையளிலை ஒருநாள் சொல்லாமல் வந்து பாப்பன்,” எண்டிட்டு டொத்தொரெஸ்ஸா படியாலை இறங்கிப் போயிட்டா.

2

ஐரோப்பா எண்டால் எங்கையும் பனி கொட்டும் எண்டு நினைப்பியள். பலெர்மோவிலை அப்பிடி இல்லை. மாரிகாலத்திலையும் வெளியிலை வெயில் எறிக்கும். குளிர் இருக்கிறது வீட்டுக்குள்ளை. பழைய வீடுகள், எட்டாத உயரத்திலை முகடு, கீழை மாபிள் தரை. சனம் வீட்டுக்குள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டிருந்து, வெளியிலை வந்து கழட்டும். வந்த புதிசிலை இதைப் பாத்து, இந்த ஊர்ச் சனத்துக்கு மூளை பிசகிப்போச்சோ எண்டு நினைச்சனான். ஒரு மாரி கழியிறதுக்கிடையிலை நானும் அப்பிடித்தான்.

நான் கனகாலம் வேலை செய்தது லிபெர்த்தாவிலை. பணக்காரச் சனம் இருக்கிற பகுதி. பெரிய வீடெண்டால் பெரிய குளிர். நான் பாத்துக்கொண்ட வயது போன அம்மா, என்ர சின்னோரா, ஒரு அறைக்குள்ளை குளிர் காயிற சில்லு வைச்ச காஸ் அடுப்புக்கு முன்னாலை இருப்பா. என்ர அறை குசினிக்கு அங்காலை, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்திலை. குறை சொல்லக்கூடாது, மனுசி தங்கம். தன்ர கம்பளிச் சால்வையை எனக்குத் தந்திட்டு, தான் பழசைப் போத்தினவ. அவவின்ர கண்ணை மூடினது நான்தான். அதுக்குப் பிறகு வியா மக்வேதா எண்ட கடைத்தெருவுக்குப் பின்னாலை, ஒரு ஒழுங்கைக்குள்ளை ஒரு அறை எடுத்து இருந்தன். விடியக் காலமை எழும்பேக்கை படுக்கை விரிப்பு அலசிப் பிழிஞ்ச மாதிரி ஈரமா இருக்கும். முழங்கால் மடங்காது. என்ர மனிசன் வேளைக்கே போயிட்டார். இந்த ஈரத்தைக் காணாமல் போனது அவருக்கு நல்லதுதான்.

இந்த வீட்டுக்கு வந்த நாள், வாசலிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வலது காலை உள்ளை வைச்சன். வைச்ச காலை வெடுக்கெண்டு எடுத்திட்டன். தரை சுடுது! ஆரோ கிடந்து இப்பதான் எழும்பிப்போன பாய் மாதிரி இளஞ்சூடு. திரும்பவும் வைச்சன். மற்றக் காலையும் வைச்சன். பிறகு அதிலையே குந்தி, உள்ளங்கை இரண்டையும் தரையிலை ஊண்டிக்கொண்டு இருந்தன். சாமான் தூக்கி வந்த பெடியன் பயந்து, “சின்னோரா, ஆம்புலன்சுக்கு அடிக்கட்டோ?” எண்டு கேட்டான்.

உண்மையைச் சொல்லுறன், அண்டைக்கு நான் கும்பிட்டது சாமியை இல்லை. என்னைக் கண்ணாலையும் காணாத இந்த ஊர்ச் சனம் கட்டின வரியிலை எனக்கொரு சூடான தரை போட்டிருக்கினம். அவையளைக் கும்பிட்டன். இண்டைக்கும் விடியக் கட்டிலாலை காலை இறக்கேக்கை ஒரு நன்றி சொல்லித்தான் இறக்கிறனான்.

3

இனி அந்த வியாழக்கிழமைக் கதை.

வீட்டு வேலை செய்யிற ஆக்களுக்கு இத்தாலியிலை ஞாயிறு லீவு, வியாழன் பின்னேரம் லீவு. ஞாயிறு கரைச்சல் இல்லை. சைவ ஆக்களுக்குக் கோயில், வேதக்கார ஆக்களுக்குப் பூசை, பிறகு ஆராவது ஒரு ஆளின்ர வீட்டிலை சாப்பாடு. வியாழன்தான் எங்களுக்கு ஏழரைச் சனி. சின்னோராவோடை தங்கி வேலை செய்யிற ஆளுக்கு ஒரு அறை இருக்கு, மறுக்கேல்லை. ஆனால் அந்த அறைக்குள்ளை நிண்டால் அது லீவே இல்லை. “என்ர கண்ணாடி எங்கை? ஒரு மிடறு தண்ணி தாறியோ? உனக்கு இண்டைக்கு லீவெண்டு தெரியும், ஆனாலும்...” எண்டு கூப்பிட்டபடி. லீவு எண்டால் வெளிக்கிட்டே ஆகவேணும். மாரியிலை எங்கை போறது?

மேரியக்காவும் நானும் வியா மக்வேதாக் கடையளுக்குள்ளை ஏறி இறங்குவம். வாங்காத உடுப்பைத் தடவித் தடவிப் பாப்பம். உள்ளை சூடெல்லோ. ஒரு கடைப் பெட்டைக்கு எங்கட சூத்திரம் விளங்கீட்டுது. ஆனால் ஒருநாளும் துரத்தேல்லை. அவள் எங்கை இருந்தாலும் நல்லாய் இருக்கவேணும்.

மேரியக்கா மன்னார் ஆள். எழுபது தாண்டியும் லிபெர்த்தாவிலை ஒரு சின்னோராவோடை தங்கி வேலை. பாக்கிறவவின்ர வயது பாக்கப்படுறவவின்ர வயதுக்குக் கிட்ட வந்திட்டுது. ஆர் ஆரைப் பாக்கிறது எண்டு இப்ப அந்த வீட்டிலை நிச்சயமில்லை. வாய் மட்டும் வயது போகாத வாய்.

வீடு கிடைச்ச அடுத்த வியாழன் அவவைக் கூட்டிக்கொண்டு வந்தன். மனுசி சப்பாத்தைக் கழட்டினா, தரையிலை காலை வைச்சா. கோட்டோடையே மல்லாக்கக் கிடந்திட்டா.

“ஐயோ, மேரியக்கா, கதிரை இருக்கு.”

“கதிரையை நீ வைச்சிரு. புவனம், நான் இனி எழும்பமாட்டன். என்னை இதிலையே அடக்கம் பண்ணு.”

அடுத்த வியாழன் அவ இரண்டு பேரைக் கூட்டி வந்தா. அந்த இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களைக் கூட்டி வந்தினம். கார்த்திகை முடியிறதுக்குள்ளை பத்துப் பொம்பிளையள். ஒருத்தரும் கதிரையிலை இருக்கிறதில்லை. சுவரோடை சாஞ்சு, காலை நீட்டி, தோளோடை தோள் முட்ட இருப்பினம். நான் உழுந்து வடை சுடுவன், தேத்தண்ணி ஊத்துவன். சின்னோராமாரைப் பற்றி ஒரு பாட்டம் ஊர்ப் புழுகு. ஏழு மணிக்கிடையிலை எல்லாரும் ஓடீடுவினம், சின்னோராமாருக்கு இராச்சாப்பாடு குடுக்கவெல்லோ வேணும்.

இதிலை எங்கட ஆக்கள் செய்த பிழை ஒண்டுதான். சப்பாத்தெல்லாம் வெளியிலை, பொது நடையிலை, கதவுக்கு முன்னாலை குவிஞ்சு கிடக்கும். சப்பாத்தோடை ஒரு வீட்டுக்குள்ளை ஏறுறதை எங்களாலை நினைச்சும் பாக்கேலாது. இந்தச் சனத்துக்கோ, வெளியிலை கிடக்கிற சப்பாத்தைக் கண்டால் உள்ளை ஆக்கள் குடியிருக்கினம் எண்டு அர்த்தம். நீனோ ஒருநாள் நேரையே கேட்டார், “சின்னோரா, சப்பாத்துக் கடை திறந்திட்டியளோ?” நான் ஒரு வடையைக் குடுத்து வாயை அடைச்சன். பெட்டியின்ர வாயை அடைக்கத்தான் வழி தெரியேல்லை.

4

டொத்தொரெஸ்ஸா வந்திட்டுப் போன அண்டைக்கே மகளுக்குப் போன் அடிச்சன். சுபா பலெர்மோவிலை வளந்து, இத்தாலிப் பாஸ்போட்டோடை இங்கிலாந்திலை பேமிங்காமுக்குப் போனவள். கோபம் வந்தால் அவளுக்கு இத்தாலியன்தான் முந்தும்.

“மாம்மா, மா செய் பாத்சா? உங்களுக்கு விசரே? வாடகைக் கொந்த்ராத்தோவிலை கையெழுத்து வைச்சனீங்கள் எல்லோ? அந்தச் சனத்தையெல்லாம் ஏன் உள்ளுக்கை விடுறியள்? வீடு போனால் எங்கை போவியள்?”

எங்கை போவியள் எண்டு கேட்டாளே, அதுக்குப் பிறகு நான் போனைக் காதோடை வைச்சுக்கொண்டு கொஞ்சம் பொறுத்தன். என்னட்டை வாங்கோ எண்டு சொல்லுவாள் எண்டு. அவள் சொல்லேல்லை. அவளின்ர வீடும் சின்னன், பிள்ளையள் இரண்டு, அதுகள் என்னைப் போனிலை கண்டால் இங்கிலீசிலை ஒரு ஹலோ சொல்லிப்போட்டு ஓடுங்கள். அவளிலை குறை இல்லை. ஆனால் இந்த வீடு போனால் எனக்குப் போக்கிடம் இல்லை எண்டது அண்டைக்குத்தான் வடிவா விளங்கிச்சுது.

எல்லாருக்கும் அடிச்சு, இனி வரவேண்டாம் எண்டன். ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லை. பேப்பர், வீடு, விசா எண்டால் எங்கட ஆக்கள் கேள்வி கேக்கமாட்டினம். எல்லாரும் பட்டு அனுபவிச்சவை. “ஓம் புவனம், உன்ர வீட்டைக் காப்பாத்து,” எண்டு மட்டும் மேரியக்கா சொன்னா.

வியாழன் வந்தது. மழை, அதோடை கடல் காத்து. எனக்கு வீடு முழுக்கச் சூடு, வீடு முழுக்க அமைதி. தேத்தண்ணி ஊத்தி வைச்சுப்போட்டு இருந்தன். அது ஆறிப்போச்சுது.

ஊரிலை போர் நேரம் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலை கிடந்த மழைக்காலம் ஞாபகம் வந்தது. கூரை ஒழுக்கு, சீமெந்துத் தரையிலை தண்ணி. சுபா கைக்குழந்தை. முன்பின் தெரியாத ஒரு மனுசி, தன்ர பிள்ளையளைத் தள்ளிப் படுக்க வைச்சு, “இஞ்சாலை வாரும், நெருங்கிப் படுத்தால் குளிராது,” எண்டு என்னையும் குழந்தையையும் தன்ர போர்வைக்குள்ளை இழுத்தவ. அவவின்ர பேரும் எனக்குத் தெரியாது. அந்தச் சனத்தின்ர மூச்சுச் சூட்டிலைதான் என்ர பிள்ளை தப்பினது. இப்ப எனக்குப் போர்வை கிடைச்சவுடனை நான் ஆக்களை வெளியிலை விட்டிட்டன். வெக்கம் வந்தது. குடையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டன்.

மேரியக்கா எங்கையாவது மக்வேதாக் கடையளுக்குள்ளை நிப்பா எண்டு பட்டினத்துக்குப் போற பஸ்ஸிலை ஏறினன். ஏறிப் பாத்தால், கடைசிச் சீற்றிலை ஆள் இருக்கிறா. தலையைச் சுத்தி மப்ளர், கையிலை செபமாலை.

“மேரியக்கா! இஞ்சாலை எங்கை போட்டு வாறியள்?”

“ஒரு இடமும் இல்லையடி. பஸ்ஸுக்குள்ளை குளிர் குறைவு. கடைசித் தரிப்பு மட்டும் போறது, அதிலையே திரும்பி வாறது. இது மூண்டாந்தரம்.”

“அப்ப என்ர வீட்டைத் தாண்டித்தானே போனனீங்கள்?”

“ஓம். உன்ர யன்னலிலை லைற் எரிஞ்சுது, கண்டனான்,” எண்டா. “நீ வரவேண்டாம் எண்டனி எல்லோ?”

பஸ் எண்டும் பாக்கேல்லை, குழறி அழுதிட்டன். முன்னாலை இருந்த ஒரு பெடிச்சி எழும்பி வந்து காகிதக் கைலேஞ்சி தந்தது. மேரியக்காவின்ர கையைப் பிடிச்சு அடுத்த தரிப்பிலை இழுத்து இறக்கினன்.

“விசர் வேலை பாக்காதை, வீடு போயிடும் புவனம்.”

“போனால் போகட்டும். தலைக்கு மேலை வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. வாங்கோ.”

5

நான் திரும்பக் கூப்பிட, அடுத்த வியாழன் பத்துப் பேரும் வந்திட்டினம். சப்பாத்தை உள்ளை எடுப்பமோ எண்டு ஒரு ஆள் கேட்டா. “மடியிலை கனம் இல்லாட்டில் வழியிலை என்ன பயம், கிடக்கட்டும்,” எண்டா மேரியக்கா. முதல் ஈடு வடை எண்ணெய்க்குள்ளை கிடக்கேக்கை மணி அடிச்சுது. திறந்தால் டொத்தொரெஸ்ஸா, அவவுக்குப் பின்னாலை நீனோ.

பத்துப் பேரும் எழும்பிக் கோட்டைத் தேடுகினம். மேரியக்கா முன்னுக்கு வந்து, “நாங்கள் போறம், டொத்தொரெஸ்ஸா. அவவிலை பிழை இல்லை,” எண்டு துவங்கினா. நான் மறிச்சன். கையிலை இருந்த கரண்டியாலை எண்ணெய் தரையிலை சொட்டுது.

“அண்டைக்கு நான் பொய் சொன்னனான். சாமி இல்லை, இவையள்தான். இவையள் இஞ்சை குடியிருக்கேல்லை, ஏழு மணிக்குப் போயிடுவினம். வீட்டை எடுக்கிறதெண்டால் எடுங்கோ. இண்டைக்கு மட்டும் இவையளை எழுப்பாதையுங்கோ, வெளியிலை நல்ல குளிர்.”

நீனோ குறுக்கிட்டார். “நான் சாட்சி, டொத்தொரெஸ்ஸா. ஏழு மணிக்குச் சப்பாத்து ஒண்டும் மிஞ்சாது. நான் எண்ணிப் பாக்கிறனான்.” கிழவனை அண்டைக்குத்தான் முதல்முதல் கட்டிப்பிடிக்கவேணும் போலை இருந்தது.

டொத்தொரெஸ்ஸா குவியலைப் பாத்தா, தன்ர சப்பாத்தைப் பாத்தா, குனிஞ்சு கழட்டினா. உள்ளை வந்து பெட்டியை ஒருக்கால் பாத்திட்டு, அந்தச் சனத்தை ஒருக்கால் பாத்திட்டுச் சிரிக்கத் துவங்கீட்டா.

“சின்னோரா, பகலிலை விருந்தாளி வரக்கூடாது எண்டு ஆர் சொன்னது? இரவு தங்கத்தான் கூடாது. இந்தச் சுவர் சூட்டை வெளியிலை விடாது. இவ்வளவு பேர் இருந்தால் இவையள்தான் அடுப்பு. தரைக்கு வேலை இல்லை. யன்னலை மட்டும் இடைக்கிடை கொஞ்சம் திறந்து விடுங்கோ.”

“இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!” எண்டா மேரியக்கா.

“அண்டைக்கு அவ சாமி எண்டெல்லோ சொன்னவ!”

பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். நான் கரண்டியோடை அப்பிடியே தரையிலை இருந்திட்டன். வீடு என்ரதான். அம்மாளாச்சி, வீடு என்ரதான்.

வடை சாப்பிட்டுக்கொண்டு டொத்தொரெஸ்ஸா கேட்டா, “அது சரி, ஏன் வியாழக்கிழமை?”

“எங்கட பின்னேரம் அதுதானே,” எண்டா மேரியக்கா. “உங்கட வீடுகளிலை நிக்கேலாது. ரோட்டிலையும் எவ்வளவு நேரம் நடக்கிறது?”

டொத்தொரெஸ்ஸா கடிச்ச வடையைத் திருப்பித் தட்டிலை வைச்சா. பிறகு எங்களுக்குச் சொன்னாவோ தனக்குச் சொன்னாவோ தெரியாது: “எங்கட அம்மாவைப் பாக்க எலேனா எண்டு ஒரு ருமேனியாப் பிள்ளை அவவோடை தங்கி இருக்கு. வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் குடையோடை போகும், ஏழு மணிக்கு வரும். எங்கை போறது எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை.”

அவவைக் குத்திக் கதைக்க எங்களுக்கு மனம் வரேல்லை. ஆக்கினை இல்லாத மனுசி. நான் இன்னொரு வடை வைச்சன்.

அடுத்த வியாழன் மழை. எங்கட சனம் எல்லாம் வந்து, கதை சூடு பிடிச்ச நேரம் திரும்பவும் மணி. கதவைத் திறந்தால் நாப்பது வயது மதிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. கையிலை ஒரு கேக் பொதி, தலையாலை தண்ணி வடியுது.

“டொத்தொரெஸ்ஸா சொன்னவ... இஞ்சை வரலாமாம்...”

நான் வா எண்டு சொல்லுறதுக்கிடையிலை சப்பாத்துக் குவியலைக் கண்டு, தானும் குந்தி இருந்து கழட்டத் துவங்கீட்டுது. காலுறை நனைஞ்சு போயிருந்தது. அதையும் கழட்டச் சொன்னன். கால் இரண்டும் விறைச்சு வெளிறிப் போயிருந்தது. உள்ளை வந்து வெறுங்காலைத் தரையிலை வைச்ச உடனை நிமிந்து எங்கட முகங்களைப் பாத்துது. நாங்கள் எல்லாரும் தலையாட்டினம். ஓம், அப்பிடித்தான், எங்களுக்கும் அப்பிடித்தான் இருந்தது.

“இஞ்சாலை வா மகள், நெருங்கி இரு,” எண்டு மேரியக்கா தமிழிலையே சொல்லித் தனக்குப் பக்கத்திலை தட்டிக் காட்டினா. பிள்ளை போய் இருந்தது. எத்தினை மணி மட்டும் இருக்கலாம் எண்டு என்னைக் கேட்டுது. ஏழு மட்டும் எண்டன். தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நான் குசினியாலை வரேக்கை, மேரியக்காவின்ர தோளிலை தலையைச் சாச்சு நித்திரையாப் போச்சுது. வாய் கொஞ்சம் திறந்தபடி, குழந்தையள் மாதிரி.

ஒரு ஆள் பாதிக் கதையிலை இருந்தவ, அப்பிடியே நிப்பாட்டினா. நான் தேத்தண்ணித் தட்டைச் சத்தமில்லாமல் கீழை வைச்சன்.

“வடைக்கு அடுப்பை மூட்டட்டோ?” எண்டு மெல்லமாக் கேட்டன்.

மேரியக்கா அசையாமல், கண்ணாலை மட்டும் என்னைப் பேசினா. “பொறடி. பிள்ளை எழும்பட்டும்.”

பத்துத் தமிழ்ப் பொம்பிளையள் வாயை மூடிக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தினம்.